தோலில் கலவை பரவாதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களான ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் ஃபினிஷிங் வேலை, அதாவது பதனிட்ட தோலின் முகத்தில் நிறமும் படலமும் தரும் கலவையைப் பூசும் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கலவை பிடிக்கவில்லை" என்று ஸ்ப்ரே பூத்திலிருந்து குரல் வந்ததும் பெரும்பாலான ஷாப்புகளில் நடப்பது இரண்டில் ஒன்று. கலவை தோலுக்குள் இறங்க உதவும் பெனட்ரேட்டரை இன்னொரு குவளை ஊற்றுவார்கள். இல்லையென்றால் தோலை மறுபடியும் பஃபிங்குக்கு, அதாவது உப்புத்தாள் போன்ற மணல் காகிதத்தால் முகத்தைத் தேய்க்க, அனுப்புவார்கள். இரண்டும் சில நேரம் பலிக்கும், சில நேரம் நல்ல தோலைக் கெடுத்துவிடும். எது எப்போது பலிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, தோலின் முகத்தில் மைக்ரான் அளவில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு உண்டு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். அது இல்லாமல் மீதி எதுவும் புரியாது. ஒரு துளி பரப்பின் மேல் உட்காரும்போது, அதன் ஓரம் பரப்போடு ஒரு கோணம் காட்டுகிறது. கோணம் 90 பாகைக்குக் கீழே இருந்தால் திரவம் படர விரும்புகிறது; மேலே போனால் உருண்டு நிற்க விரும்புகிறது. வழவழப்பான பரப்பில் இந்தக் கோணம் எப்படி அமைகிறது என்பதை 1805-இல் தாமஸ் யங் விளக்கினார். கரடான பரப்பில் என்ன ஆகிறது என்பதை 1936-இல் ராபர்ட் வென்செல் எழுதினார். மேடுபள்ளங்களைச் சேர்த்து அளந்தால் வரும் உண்மையான பரப்பு, மேலோட்டமாகத் தெரியும் பரப்பைப்போல் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு அந்தக் கோணத்தின் கொசைன் பெருகும் என்பது அவர் கண்டது.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். வழவழப்பில் 60 பாகை காட்டும் ஒரு கலவை, ஒன்றரை மடங்கு கரடான பரப்பில் 41 பாகைக்கு இறங்கி நன்றாகப் படர்ந்துவிடும். வழவழப்பில் 110 பாகை காட்டும் கலவையோ, அதே கரட்டில் 121 பாகைக்கு ஏறி இன்னும் உருண்டு நிற்கும். கரடு தானாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. பரப்புக்கும் திரவத்துக்கும் இடையே ஏற்கெனவே இருக்கும் ஒட்டுதலையோ விலகலையோ பெரிதாக்குகிறது. இதனால்தான் ஒரே பஃபிங் காகிதம் ஒரு லாட்டைக் காப்பாற்றுகிறது, அடுத்த லாட்டைக் கெடுக்கிறது.

மூன்று துளிச் சோதனை

எந்த அறிகுறியானாலும் இதைச் செய்த பிறகே கலவையில் கை வையுங்கள். ஒரு இங்க் ஃபில்லர், ஒரு பத்து மடங்கு லென்ஸ், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதாவது ஷாப்பில் ஐ.பி.ஏ. என்று கேட்டு வாங்குவது, இவை போதும்.

கிரஸ்டை, அதாவது பதனிட்டு உலர்த்தி இன்னும் ஃபினிஷ் பூசாத தோலை, மேசை மேல் விரித்து, முதுகு, வயிறு, கழுத்து மூன்று இடத்திலும் மூன்று வகைத் துளி வையுங்கள்: வெறும் தண்ணீர், தண்ணீர் ஒன்பது பங்கும் ஐ.பி.ஏ. ஒரு பங்கும், இரண்டும் பாதிக்குப் பாதி. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பத்தில் ஒரு பங்கு ஐ.பி.ஏ. சேர்த்தாலே அது 40-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. பாதிக்குப் பாதியில் 25-ஐ நெருங்குகிறது. ஆக, கையில் இருப்பது மூன்று படியுள்ள ஓர் அளவுகோல்.

துளியை மேலிருந்து பார்க்காதீர்கள். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, துளியின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். நன்றாக நனையும் தோலில் ஓரம் கத்தி விளிம்பு போல மெலிந்து, மயிர்க்குழிகளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே முன்னேறும். நனையாத தோலில் ஓரம் தடித்து, குழியின் உதட்டில் வந்து நின்றுவிடும்; துளிக்கு அடியில் வெள்ளிப் பொட்டுகள் போல மினுங்குவது தெரியும். அவை குழிகளுக்குள் சிறைப்பட்ட காற்று. இந்த மினுக்கத்தை ஒருமுறை கண்ணால் பிடித்துவிட்டால் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று.

படிக்கும் விதம் இப்படி. தண்ணீர்த் துளி சில நொடிகளில் உள்ளே போனால் தோல் தயார். பிரச்சினை கலவையிலோ ஸ்ப்ரே துப்பாக்கியிலோ இருக்கிறது. தண்ணீர் நின்று, பாதிக்குப் பாதி உடனே இறங்கினால், குழிகள் திறந்திருக்கின்றன, ஆனால் நார்களின் மேல் கொழுப்போ மெழுகோ பூசியிருக்கிறது. பாதிக்குப் பாதியும் படர்ந்து மேலேயே நின்றால் குழிகள் மூடியிருக்கின்றன: சூடான பிளேட் அழுத்தமோ, முந்தைய கோட்டின், அதாவது முன்பு பூசிய அடுக்கின், படலமோ காரணம். முதுகில் ஒரு விடை, வயிற்றில் வேறு விடை வந்தால் அதற்கென்று தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: கலவை முத்து முத்தாக நிற்கிறது

அடிக்கடி வருவதும், தவறாக மருந்து போடப்படுவதும் இதுதான். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதற்கு அடியில் உள்ள அமைப்பே இங்கும் வேலை செய்கிறது. இலையின் மேல் நுண்ணிய முகடுகள், முகடுகளின் மேல் மெழுகு. இரண்டும் சேர்ந்ததால்தான் தண்ணீர் உருண்டோடுகிறது என்பதை 1997-இல் ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் விரிவாகக் காட்டினார்கள். மெழுகு மட்டும் இருந்தால் துளி ஓரளவே நிற்கும். முகடு மட்டும் இருந்தால் இலை நனைந்துவிடும்.

கிரஸ்டிலும் இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கொழுப்புப் பாதி, தோலை மென்மையாக்கச் சுழலும் டிரம்மில் ஏற்றும் ஃபேட் லிக்கர் என்ற கொழுப்புக் கலவையிலிருந்து வருகிறது. டிரம்மில் கொழுப்பு சரியாக உள்ளே போகாமல் முகத்தில் தங்கியிருக்கலாம். அடுக்கி வைத்த நாட்களில் உள்ளிருந்து மேலே வந்திருக்கலாம். ஆட்டுத்தோலைவிடச் செம்மறித் தோலில் இயற்கைக் கொழுப்பு கூடுதல் என்பதால் அங்கே சந்தேகம் முதலில் வரட்டும். கரடுப் பாதி நார்களிலிருந்தும் மயிர்க்குழிகளிலிருந்தும் வருகிறது.

இந்த நிலையில் பஃபிங் செய்தால் என்ன ஆகும்? கொழுப்பு முகத்தின் மெல்லிய அடுக்கில் மட்டும் இருந்தால் காகிதம் அதைச் சுரண்டி எடுத்துவிடும், கீழே புது நார் தெரியும், பரப்பும் கூடும், கலவை ஆவலோடு இறங்கும். கொழுப்பு ஆழம் வரை இருந்தாலோ, பஃபிங் செய்து கிடைப்பது கொழுப்புப் பூசிய இன்னொரு கரடு. முன்பைவிட அதிகமாக உருளும். எது என்று தெரிந்துகொள்ள, ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கையால் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, தண்ணீர்த் துளி வைத்தால் போதும். தேய்த்த இடத்தில் துளி இறங்கினால் லாட்டை மெஷினுக்கு அனுப்புங்கள். இன்னும் நின்றால் காகிதத்தைக் கீழே வையுங்கள்.

அப்போது செய்ய வேண்டியது திரவத்தின் பக்கம். முதல் கோட்டில் பெனட்ரேட்டரைக் கூட்டுங்கள், அல்லது கொஞ்சம் ஐ.பி.ஏ. சேருங்கள். ஒட்டுமொத்தமாக ஊற்றாமல், சிறிது சிறிதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் துளி வைத்துப் பாருங்கள். கோணம் 90 பாகையைத் தாண்டிக் கீழே வந்த நொடியிலிருந்து கரடு உங்களுக்காக உழைக்க ஆரம்பிக்கும். அதனால் திருப்பம் திடீரென்று வரும். அதற்கு மேல் ஊற்றுவது வீண் மட்டுமல்ல, கெடுதல். மிஞ்சிய பெனட்ரேட்டர் காய்ந்த பிறகும் படலத்துக்குள் இருந்துகொண்டு, ஈரத் துணியால் தேய்க்கும் சோதனையில் நிறத்தை விட்டுக்கொடுத்துவிடும். ஐ.பி.ஏ. எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பூத்தின் காற்றாடி ஓடாமல் அதைக் கையாளாதீர்கள்.

கொழுப்பு மிக அதிகம் என்றால் ஃபினிஷிங் மேசையில் தீர்வே இல்லை. டிரம்முக்குத் திருப்பி அனுப்பி, கொழுப்பு நீக்கி வரவழைப்பதுதான் நேர்மையான வழி. ஜாப் வொர்க் செய்பவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். துளி நிற்பதை உரிமையாளருக்கு நேரில் காட்டுங்கள். சொல்ல வேண்டியதை அந்தத் துளியே சொல்லிவிடும்.

அறிகுறி: ஒரே தோலில் முதுகு பளிச்சென்று, வயிறு மங்கலாக

வயிற்றுப் பகுதியிலும் கழுத்திலும் நார்ப்பின்னல் தளர்வு. முதுகில் இறுக்கம். ஒரே கலவை, ஒரே துப்பாக்கி, ஒரே கை. ஆனாலும் வயிறு குடித்துவிடுகிறது. துளைகளுக்குள் திரவம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை 1921-இல் வாஷ்பர்ன் சமன்பாடாகத் தந்தார். துளை அகன்றால் வேகம் கூடும், திரவம் கெட்டியானால் வேகம் குறையும், நேரம் நான்கு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்காகும். மூன்றில் துளையை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

எனவே கெட்டித்தன்மையை முதலில் ஏற்றுங்கள். அடியில் துளையுள்ள ஃபோர்டு கப்பில் கலவை வடியும் நேரத்தை அளக்கும் பழக்கம் இருந்தால் எவ்வளவு ஏற்றினோம் என்பது பதிவாகும். கரண்டியைத் தூக்கிப் பார்த்து ஊகிப்பதால் நாளைக்கு அதே கலவை வராது. அடுத்து நேரம். கனமாக ஒரு கோட் அடித்தால் அது ஈரமாக இருக்கும் நேரம் முழுவதும் வயிறு குடித்துக்கொண்டே இருக்கும். மெல்லிய இரண்டு கோட்டாகப் பிரித்து, இடையில் உலர விட்டால் முதல் கோட் வாய்களை அடைத்துவிடும். நிறத்தைத் தோலோடு பிடித்துவைக்கும் பைண்டரில் பெருந்துகள் கொண்டது முதல் கோட்டுக்கு உதவும், ஏனென்றால் அது துளைக்குள் ஆழமாகப் போகாமல் மேலே தங்கும்.

வயிற்றை மட்டும் கூடுதலாக அடித்து நிறத்தைச் சமன் செய்வது இங்கே பலரும் செய்கிற வேலை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிறம் சமமாகும், ஆனால் உள்ளே போன ரெசின் அந்தப் பகுதியை விறைப்பாக்கி, மடக்கும்போது முகத்தில் சுருக்கம் விழ வைக்கும்.

அறிகுறி: ஊசிக் குத்தல் போன்ற துளைகள்

உலர்ந்த படலத்தில் குண்டூசியால் குத்தியதுபோலப் புள்ளிகள். லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்குழியின் நேர் மேலே இருக்கும். ஆட்டுத்தோலில் குழிகள் வரிசையாக, கூட்டமாக அமைந்திருப்பதால் புள்ளிகளும் அந்த வரிசையிலேயே வரும்.

இது காற்றுச் சிக்கல். திரவம் குழிக்குள் இறங்காமல் வாயின் மேல் பாலம் போட்டு நிற்கலாம் என்பதை 1944-இல் காஸியும் பாக்ஸ்டரும் துளையுள்ள பரப்புகளைப் பற்றி எழுதியபோது விளக்கினார்கள். அந்தப் பாலத்துக்கு அடியில் காற்று. தோல் உலர்த்தும் சுரங்கத்துக்குள் போகும்போது காற்று விரிந்து, பாதி உலர்ந்த படலத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதற்குள் படலம் கெட்டியாகிவிடுவதால் ஓட்டை மூடுவதில்லை.

முதல் கோட்டைத் துப்பாக்கியால் அடிக்காதீர்கள். துணி பொதிந்த பேடிங் கட்டையால் தேய்த்தோ ரோலரிலோ போடுங்கள். கையின் அழுத்தம் காற்றை வெளியேற்றித் திரவத்தைக் குழிக்குள் தள்ளும். எந்த இரசாயனமும் செய்யாத வேலை அது. தோலில் இரண்டு எதிர்த் திசைகளில் தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் குழிகள் நேராக இல்லை, சாய்ந்திருக்கின்றன. ஒரு திசையில் மட்டும் தேய்த்தால் குழியின் ஒரு சுவர் நனையாமலே போகும். பிறகு சுரங்கத்தின் முதல் பகுதியில் சூட்டைக் குறைத்து, பின்பகுதியில் ஏற்றுங்கள்.

அறிகுறி: வட்டக் கண்கள்

ஊசிக் குத்தலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை பெரியவை, நடுவில் வெறுமை, சுற்றிலும் வரம்பு கட்டியதுபோலத் தடித்த ஓரம். மேற்பரப்பின் கரட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; ஒரு பொட்டு சிலிகோனோ எண்ணெயோ விழுந்திருக்கிறது. சிலிகோன் எண்ணெயின் பரப்பு இழுவிசை 21 மில்லிநியூட்டனை ஒட்டியது. அதைச் சுற்றி இருக்கும் கலவையின் இழுவிசை கூடுதல் என்பதால் அது திரவத்தை வெளிப்பக்கமாக இழுத்துக்கொள்கிறது.

கண்கள் தோலுக்குத் தோல் இடம் மாறி, துப்பாக்கி போன தடத்தில் வந்தால் கம்ப்ரசர் எண்ணெய். சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் வெறுங்காற்றை அடித்து, அதன் மேல் வாயால் ஊதிப் பாருங்கள். எண்ணெய் விழுந்த இடத்தில் மூச்சின் ஆவி வேறு மாதிரி படியும். ஃபில்டரில் தேங்கியதைத் தினமும் வடித்துவிடுங்கள். கண்கள் அடுக்கின் மேல் தோல்களில் மட்டும் வந்தால், பக்கத்தில் யாரோ சிலிகோன் ஸ்ப்ரே பயன்படுத்துகிறார்கள். அதைப் பூத்தின் பக்கமே வரவிடாதீர்கள்.

அறிகுறி: கோடு கோடாக ஓடுகிறது

பஃபிங் காகிதம் கீறிய திசையில் கலவை நீளமாக ஓடி, குறுக்கே நகராமல் நிற்கிறது. கீறல் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். வாய்க்காலோடு திரவம் தானாக இழுக்கப்படும். ஆனால் கீறலின் கூரிய விளிம்பைத் தாண்ட, துளியின் ஓரம் வளைந்து ஏற வேண்டும், அங்கே மாட்டிக்கொள்ளும். காகிதத்தின் எண் இங்கே நேரடியாகப் பேசுகிறது. 240 எண் காகிதத்தின் மணல் சுமார் 58 மைக்ரான், 320-இல் 46, 400-இல் 35, 600-இல் 26. ஒரு 240-ஓடு நிறுத்திவிட்டால் கோடு தெரியும். 320, 400 என்று படியாக இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் தோலைத் திருப்பிப் போடுங்கள்.

தூசி நீக்கும் மெஷினைத் தவிர்த்துவிட்டுத் துணியால் துடைப்பது வேலைக்கு ஆகாது. பஃபிங் தூசி குழிகளுக்குள் அடைந்துகொண்டு, கலவையைத் தான் குடித்துவிட்டு, பிறகு படலத்தோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

அறிகுறி: இரண்டாவது கோட் முதல் கோட்டின் மேல் விலகுகிறது

பெரும்பாலும் இடையில் கண்ணாடிப் பிளேட், அதாவது கண்ணாடிபோல் வழவழப்பான உலோகத் தகடு போட்டு அழுத்தியிருப்பார்கள். முகம் வழவழப்பாகி, மெழுகு மேலே வந்திருக்கும். கண்ணாடிப் பிளேட்டுக்குப் பதில் சாண்ட் பிளாஸ்ட் பிளேட்டில் மெல்ல அழுத்தினால், கண்ணுக்கு மந்தமாகத் தெரியும் நுண்கரடு கிடைக்கும். கோணம் 90-க்குக் கீழே இருக்கும் வரை அந்தக் கரடு அடுத்த கோட்டைப் பரப்பிக் கொடுக்கும். பளபளப்பு வேண்டுமானால் கண்ணாடிப் பிளேட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடு உணர்வுக்காகச் சேர்க்கும் சிலிகோன், மெழுகு எல்லாம் கடைசிக் கோட்டுக்கு மட்டும்.

அறிகுறி: கோடையில் சொரசொரப்பு, மழைக்காலத்தில் வெண்மை

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்குத் துளிகள் தோலை அடையும் முன்பே பாதி உலர்ந்துவிடும். விழுந்த இடத்தில் மணல்போல நிற்கும். துப்பாக்கியைக் கிட்டே கொண்டுவாருங்கள், மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கொஞ்சம் சேருங்கள், முடிந்தால் விடியற்காலையில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வெளுப்பதற்குக் காரணம், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவது. இங்கும் மெதுவாக ஆவியாகும் கரைப்பான்தான் மருந்து.

அறிகுறி: சோல் வாய் பிளக்கிறது

ஆம்பூர் ஷூ பட்டறைகளுக்கு இது. ஷூவின் மேல்பகுதியான அப்பரின் ஓரத்தில் ஃபினிஷ் படலத்தை ரஃப்பிங் செய்து, அதாவது சுரண்டி, எடுத்த பிறகுதான் பசை நாரைத் தொடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைவாகக் கவனிக்கப்படுவது இரண்டு. ஒன்று, கெட்டியான பசை ஆழமான பள்ளங்களின் அடிவரை போவதற்குள் உலர்ந்துவிடுகிறது. மேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீர்க்க ஒரு கோட் முதலில் பூசி உலரவிட்டு, அதன் மேல் கெட்டிப் பசை பூசினால் பள்ளமும் பிடிக்கும். இரண்டு, டி.பி.ஆர். என்ற ரப்பர் வகைச் சோலை எவ்வளவுதான் சுரண்டினாலும் அதன் இயல்பு மாறாது. அது பசையை விரும்பாத பரப்பு. கரடாக்கினால் மட்டும் விருப்பம் வந்துவிடாது. குளோரின் ஏற்றும் பிரைமர் பூசி, அது வினைபுரிய நேரம் கொடுத்த பிறகே பசை.

ரஃப்பிங்கை ஆழமாகச் செய்தால் பிடிப்பு கூடும் என்று நினைத்து நார் அடுக்கை வெட்டிவிடுகிறார்கள். பிறகு பிளந்து பார்த்தால் பசை சோலோடு நன்றாக ஒட்டியிருக்கும், தோல்தான் கிழிந்திருக்கும்.

அறிகுறி: மேசையில் தண்ணீர் உருள்கிறது, காலில் நனைகிறது

நீர் விலக்கும் நூபக்கில், அதாவது முகத்தைத் தேய்த்து நார்முனைகளை நிமிர்த்திய தோலில், வரும் புகார். மேசையில் துளி அழகாக உருளும். ஷூவாகி நடந்ததும் முன்பாதம் மடங்கும் இடத்தில் ஈரம் இறங்கும். நூபக்கின் நிமிர்ந்த நார்முனைகளின் மேல் துளி உட்கார்ந்திருக்கும்போது அதற்கும் தோலுக்கும் இடையே காற்று இருக்கிறது. மடங்கும்போது வரும் அழுத்தம் தண்ணீரை நார்களுக்கு நடுவே தள்ளுகிறது. காற்று வெளியேறியதும் அந்த இடம் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பாது. மேலே ஸ்ப்ரே மட்டும் அடித்திருந்தால் முனைகள் மட்டுமே விலக்கும், நாரின் அடிப்பகுதி குடிக்கும்.

நீர் விலக்கும் மருந்தை டிரம்மில், குறுக்குவெட்டு முழுவதும் போகும்படி ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் தண்ணீர்த் துளி வைத்தால் விடை உடனே தெரியும்: முகமும் சதைப்பக்கமும் விலக்கி, நடுக்கோடு மட்டும் கருத்தால் மருந்து நடுவரை போகவில்லை. மருந்து முழுவதும் போயிருந்தும் நனைந்தால், டிரம்மில் முந்தைய கட்டங்களில் போட்ட சோப்பு வகை, எமல்சிஃபையர், உப்பு இவை சரியாக அலசப்படாமல் நாரில் தங்கியிருக்கின்றன. அந்த மிச்சம் கோணத்தை 90-க்குக் கீழே இழுத்துவிட்டால், விலக்குவதற்காக நிமிர்த்திய அதே நார்கள் தண்ணீரை உறிஞ்சும் திரிகளாகிவிடும். இந்த லாட்டுக்கு ஸ்ப்ரேயைக் கூட்டிப் பயனில்லை. அடுத்த லாட்டில் கடைசி அலசலை நீட்டிக்கச் சொல்லுங்கள். வளைத்து நனைக்கும் சோதனையில் தேறிய பிறகே வெட்டுமேசைக்கு அனுப்புங்கள்.